இருபத்தெட்டு அங்குலம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? பாப்பாவுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா?

அத்தான் பத்திரமாக வந்து சேர்ந்தார். உளிப்பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு ரயிலில் வந்தாராம். என் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். செங்கல் சூளைக்காரர்கள் காலிசெய்துவிட்டுப் போன கொட்டகை இது. எதிரே சரிவான வெட்டவெளி, ஒரு மரம்கூடக் கிடையாது. நான் வரைந்து வைத்திருந்த படத்தை அரைமணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுல நாற்காலி மட்டுந்தான் எனக்குப் புரியுது" என்றார். நாற்காலி செய்கிறவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது? ஆனால் ஒரே வாரத்தில் மூங்கிலை நீராவியில் வளைக்கக் கற்றுக்கொண்டு, இப்போது எனக்கே பாடம் எடுக்கிறார்.

கடிகாரக் கடையை மூடிவிட்டு நான் இங்கே வந்தது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ஆனாலும் கேள். காற்றைவிட லேசானதுதான் மேலே போகும், பலூன் மாதிரி, என்கிறார்கள். காக்கை என்ன பஞ்சினாலா செய்தது? அதுவும் காற்றைவிடக் கனம்தான். அதன் இறக்கை மேல்பக்கம் வளைந்திருக்கிறது. வேகம் பிடித்தால் காற்றே அதைத் தூக்கிவிடுகிறது. என் இயந்திரமும் அப்படித்தான். வளைந்த இறக்கைகள், ஒரு படகிலிருந்து கழற்றிய இன்ஜின், நடுவில் ஓர் இருக்கை. என் கணக்குப்படி ஆளோடு சேர்த்து முந்நூற்று அறுபது ராத்தல் எழும்பும். அதற்கு மேல் ஒரு பிடி மண் வைத்தாலும் எழும்பாது.

இறக்கைத் துணியை நீதான் தைத்துத் தர வேண்டும். நாற்பது கஜம் காடா. அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 13

தம்பிக்கு,

அக்காவின் ஆசி. இங்கே எல்லாரும் சுகம். முட்டிவலி தையல் மெஷினோடு சேர்ந்து வந்தது, அதோடுதான் போகும். பாப்பாவுக்கு ஒரு பல் முளைப்பதற்குள் இன்னொன்று விழுந்துவிட்டது.

துணியை ரயில் பார்சலில் போட்டிருக்கிறேன். உன் படத்தில் தையலெல்லாம் ஒற்றைக்கோடாக இருந்தது. இழுப்பு வருகிற இடத்தில் ஒற்றைத் தையல் போட்டால் பிரிந்துகொண்டு வந்துவிடும். அதனால் விளிம்பை மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். நாலு நாள் கடை முழுக்க இந்தத் துணிதான். துணி கொடுக்க வந்தவர்கள் எல்லாம், "யாருக்கும்மா இவ்ளோ பெரிய சட்டை?" என்று கேட்டார்கள். "என் தம்பிக்கு" என்றேன். உன்னைப் பார்த்திருந்தவர்கள் நம்பிவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன், சுற்றிவளைக்காமல் சொல். அந்த இருக்கையில் யார் உட்காரப் போகிறார்கள்? நீ என்றால் முந்நூற்று அறுபதில் பாதிக்கு மேல் நீயே ஆகிவிடுவாய். கூலிக்கு யாரையாவது பிடிக்கப் போகிறாயா? அந்த ஆளுக்கும் வீடுவாசல் இருக்கும், பார்த்துச் செய்.

உன் அத்தானை இரண்டு வரி எழுதச் சொல். எழுத வராது என்று சொல்லித் தப்பிக்க விடாதே.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அத்தானுக்குக் கட்டைவிரலில் சின்னக் கீறல், ஆறிவிட்டது.

துணி சட்டத்தின் மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அத்தான் விரலால் சுண்டிப் பார்த்தார். தம்பட்டம் மாதிரி சத்தம் வந்தது. "எங்க வீட்டு வேலை" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை சோதித்தோம். நூற்றுப்பத்து ராத்தல் மணலை இருக்கையில் கட்டி, சரிவில் போட்ட தண்டவாளத்தில் ஓடவிட்டோம். முழங்கால் உயரம் எழும்பியது அக்கா. இருபது தப்படி தரையைத் தொடாமல் போனது. பிறகு ஒருபக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. மணல் மூட்டைக்குத் திருப்பத் தெரியாதே. ஆள் இருந்திருந்தால் நேராக்கியிருப்பார்.

யார் உட்காருவது என்று கேட்டாய். அது இன்னும் முடிவாகவில்லை. முதலில் இயந்திரம் முடியட்டும்.

ஆளை இருக்கையோடு பிணைத்துக் கட்ட ஒரு கட்டுவார் வேண்டும். நல்ல கித்தானில், தோளுக்கும் இடுப்புக்குமாகத் தைத்து அனுப்பு. இடுப்பு இருபத்தெட்டு அங்குலம், மார்பு முப்பத்திரண்டு, தோளிலிருந்து இடுப்புவரை பதினேழரை. மார்ச் 20ஆம் தேதி முதல் தடவையாக ஆளை ஏற்றப்போகிறோம். அதற்குள் வந்துசேர வேண்டும்.

அத்தானிடம் எழுதச் சொன்னேன். "எழுத என்ன இருக்கு, நல்லாத்தான இருக்கேன்" என்கிறார்.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

கட்டுவார் இத்துடன் வருகிறது. அளவில் நீ தப்பு செய்திருந்தாய், திருத்தித் தைத்திருக்கிறேன். இடுப்பு இருபத்தெட்டு என்று போட்டிருந்தாய். உனக்கு இருபத்தெட்டு இருந்தது பத்து வயதில். இப்போது நாற்பத்திரண்டு. மார்பும் தோளும் அதற்குத் தகுந்தபடி வைத்திருக்கிறேன். கொக்கிகளை உள்மடிப்பில் வைத்துத் தைத்துவிட்டதால் சின்னதாக்க முடியாது. பிரித்தால் கித்தான் கிழிந்துவிடும்.

இருபத்தெட்டு இடுப்புக்கு என் கடையில் கால்சட்டை தைத்துக்கொள்கிறவர் ஒரே ஒருவர். பதினொரு வருடமாகத் தைக்கிறேன். அவருக்கு நான் டேப் எடுத்து அளப்பதுகூட இல்லை.

படம் போட்டவன் அளவுக்குத் தைப்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கட்டுவார் கிடைத்தது. நீ திருத்தியது சரிதான்.

மார்ச் 20ஆம் தேதி சோதனையைத் தள்ளிவைத்துவிட்டேன். இறக்கையை இரு பக்கமும் ஐந்தடி நீட்ட வேண்டியிருக்கிறது. இன்னும் பதினெட்டு கஜம் துணி வேண்டும். அதே காடா, அதே இரட்டைத் தையல். மே மாதம் காற்றின் திசை மாறிவிடும். அதற்குள் முடிக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும். எனவே சீக்கிரம் அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 4

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். எனக்கு எழுத வராது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

உன் தம்பிமேல் கோபப்படாதே. நான் ஏறுகிறேன் என்று கேட்டது நான்தான். மூன்று தடவை மாட்டேன் என்றான். நூற்றெட்டு ராத்தல் ஆள் இங்கே வேறு யாரும் இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியதும் நான்தான். எனக்கு நாற்பது வயதாகிறது. ஊரார் உட்கார நாற்காலி செய்தே காலம் போய்விட்டது. நான் செய்த ஒன்றில் ஒரு தடவை நான் உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இப்போது விஷயம் வேறு. உன் வாரைப் பார்த்த நாளிலிருந்து என்னை அந்த இருக்கைப் பக்கமே அவன் விடுவதில்லை. தானே ஏறப்போகிறானாம். அவன் எடைக்காகத்தான் இறக்கையை நீட்டுகிறான். நீட்டுவதென்றால் பழைய சட்டத்தில் ஒட்டுப்போட வேண்டும். இடதுபக்க மரச்சட்டத்தில் ஒட்டு விழுகிற இடத்தில் ஒரு கணு இருக்கிறது. இருபத்தைந்து வருடம் மரத்தோடு கிடந்தவன் சொல்கிறேன், அது தாங்காது. புதுச் சட்டம் போட இரண்டு மாதமாகும் என்று அவன் பொறுக்கமாட்டேன் என்கிறான். நான் எடுத்துச் சொன்னதற்கு, "மரவேலைக்காரருக்கு எந்த மரத்தப் பாத்தாலும் கணுதான் தெரியும்" என்று சிரிக்கிறான்.

உன் பேச்சு தவிர யார் பேச்சும் அவன் காதில் ஏறாது. கணுவைப் பற்றி ஒரு வரி எழுது, இறக்கையை நீட்டாதே என்று சொல். பழைய அளவிலேயே இருந்தால், வேறு வார் போட்டுக்கொண்டு நான் ஏறுகிறேன். அந்த அளவு என்னைத் தாங்கும். பாப்பாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா


ஏப்ரல் 11

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதினொரு வருடத்தில் நீங்கள் எனக்கு எழுதிய மிக நீளமான கடிதம் இதுதான். அதில் இப்படி ஒரு சேதி இருக்க வேண்டுமா?

நீங்கள் ஏறவும் வேண்டாம், அவன் ஏறவும் வேண்டாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். கடைவாசலில் மூன்று நாற்காலிகள் பின்னலுக்காகக் காத்துக் கிடக்கின்றன. வரமாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஆசை என்று ஒன்று இருந்தால் அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், ஆனால் கேட்டிருப்பேன்.

தம்பிக்கு இதே தபாலில் எழுதுகிறேன். கவலைப்படாதீர்கள்.

பாப்பாவின் அம்மா


ஏப்ரல் 11

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

நீ கேட்ட பதினெட்டு கஜமும் தைத்து அனுப்பியிருக்கிறேன். நூலை மெழுகில் இழுத்துத் தைத்திருக்கிறேன், ஈரம் பட்டாலும் இற்றுப்போகாது. எதிர்வீட்டு ஆசிரியர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பன்னிரண்டு ரவிக்கை என்னிடம் வந்திருக்கிறது. பாப்பா இப்போது இரண்டிலக்கக் கழித்தல் போடுகிறாள். கடன் வாங்க மட்டும் மறந்துவிடுகிறாள்.

உன் அத்தானும் எழுதியிருந்தார். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று எழுதியிருந்தார்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 29

பாப்பாவின் அம்மாவுக்கு,

முதலில் ஒன்றைப் படித்துக்கொள். உன் தம்பி உயிரோடு இருக்கிறான்.

நேற்றுக் காலை ஏறினான். வாரின் கொக்கிகளை நான்தான் மாட்டிவிட்டேன். "கணுவுக்கு மேல இரும்புப் பட்டை அடிச்சிருக்கேன், ஆனாலும் இடதுபக்கமா சாய்க்காத" என்றேன். தலையை ஆட்டினான். தண்டவாளத்தின் கடைசியில் இயந்திரம் தூக்கிக்கொண்டது. நாலு ஆள் உயரம் இருக்கும். நேராகப் போனது. நான் கீழே ஓடிக்கொண்டே இருந்தேன். அவ்வளவு பெரிய உருவம் அப்படி லேசாகப் போனதை நான் என் கண்ணால் பார்த்தேன். சரிவின் முடிவில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. நிமிர்த்துவதற்காக இடதுபக்கம் சாய்த்தான். நான் சொன்ன இடத்தில்தான் முறிந்தது. துணி கிழியவில்லை, தையல் பிரியவில்லை, மரம்தான் போனது.

இடுப்பெலும்பும் இடது மணிக்கட்டும் உடைந்திருக்கின்றன. கண்ணுக்கு மேலே கிழிந்து தையல் போட்டிருக்கிறார்கள். இரண்டு கண்ணையும் இரண்டு வாரம் கட்டி வைத்திருக்க வேண்டுமாம். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் இன்றைக்குத்தான் சொன்னார். அதனால்தான் நேற்றே எழுதவில்லை.

நீ எழுதியும் இந்த மனுஷன் கேட்கவில்லையே என்றுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உன் கடிதத்தில் என்ன இருந்தது என்று அவனிடம் கேட்டேன். "ஒண்ணுமில்ல அத்தான்" என்று சொல்லிவிட்டான்.

பாப்பாவின் அப்பா


மே 6

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

உன் கண்ணில் கட்டு இருப்பதால் இதை உன் அத்தான்தான் படித்துக் காட்டுவார். தெரிந்தேதான் எழுதுகிறேன். அவரும் கேட்க வேண்டிய விஷயம் இது.

இடதுசட்டத்தில் கணு இருக்கிறது, தாங்காது, தம்பிக்கு ஒரு வரி எழுது என்று அவர் ஏப்ரல் நாலாம் தேதி எனக்கு எழுதினார். நான் எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை. எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். நாலு தாள் வீணானது. உனக்கு வந்தது ஐந்தாவது தாள். அந்த வரியை எழுதினால் நீ கேட்பாய், இறக்கை பழைய அளவில் நிற்கும், இவர் ஏறுவார். எழுதாவிட்டால் நீ ஏறுவாய். இது எனக்கு அப்போதே தெளிவாகத் தெரிந்தது.

கட்டுவாரின் அளவை மாற்றியது ஆத்திரத்தில். உன்னால் ஏற முடியாது, வேலை நின்றுபோகும், இரண்டு பேரும் பிழைப்பீர்கள் என்று நினைத்தேன். ஆனால் ஏப்ரல் பதினொன்றாம் தேதி எனக்கு ஆத்திரம் இல்லை. பக்கத்தில் பாப்பா உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இவளுக்கு அப்பா வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். உனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை என்றும் சொல்லிக்கொண்டேன். உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள் இதைச் சொல்லிக்கொண்டு கடிதத்தை ஒட்டினேன். அவர் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்று தெரிந்திருந்தது. நீ இல்லாமல் இருக்க முடியுமா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கடிதத்தை ஒட்டியிருக்க மாட்டேன்.

ரயிலுக்குப் பெட்டி கட்டி இரண்டு தடவை அவிழ்த்துவிட்டேன். உங்கள் இருவரில் யார் முகத்திலும் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா


மே 17

அக்காவுக்கு,

கண்கட்டை மூன்று நாளைக்கு முன்பு அவிழ்த்தார்கள். இரண்டு கண்ணும் தெரிகிறது. இடுப்பெலும்பு ஒன்றுசேர இன்னும் மூன்று மாதமாகும். கோல் இல்லாமல் நடப்பேன் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் கடிதத்தை அத்தான் படிக்க ஆரம்பித்தார். நாலு தாள் வீணானது என்ற இடத்தில் நிறுத்தினார். மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போனார். மீதியைக் கண் திறந்த பிறகு நானே படித்தேன். மூன்று நாள் அவர் பேசவில்லை. என்னைத் தூக்கி உட்காரவைப்பது, துடைத்துவிடுவது எல்லாம் நடந்தது, பேச்சு மட்டும் கிடையாது. நாலாம் நாள், "எனக்காகத்தான் செஞ்சிருக்கா. அதை எப்படித் திட்டறதுன்னு தெரியல" என்றார்.

நீ எழுதியிருந்தாலும் ஏறியிருப்பேன் என்று சொன்னால் உனக்கு ஆறுதலாக இருக்கும். அது பொய். எழுதியிருந்தால் ஏறியிருக்க மாட்டேன். அத்தான் சொல்வதற்கு முன்பே அந்தக் கணுவை நான் விரலால் தடவிப் பார்த்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது அக்கா. படம் போட்டவனே பயந்துவிட்டான் என்று நாலு பேர் சொல்லக் கூடாது. அக்கா தடுத்தாள், அதனால் நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த ஒரு வரி வேண்டியிருந்தது. துணிமூட்டையை அவிழ்க்கவில்லை, முதலில் உன் கடிதத்தைத்தான் பிரித்தேன். மூன்று தடவை படித்தேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று அத்தான் எழுதியதாகப் போட்டிருந்தாய். அவர் அப்படி எழுதக்கூடியவர் இல்லை என்று எனக்குத் தெரியும். கணுவைப் பற்றி அவர் எழுதியதை நீ படித்துவிட்டாய், படித்துவிட்டுத்தான் சும்மா இருக்கிறாய் என்று அந்த இடத்தில் புரிந்துவிட்டது. நீயே தடுக்காதபோது, நிறுத்த எனக்கு வேறு சாக்கு இல்லை. மறுநாள் ஒட்டுப்போடச் சொன்னேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. படுத்தே கிடப்பதால் கோபப்பட நிறைய நேரமும் இருக்கிறது. ஆனால் கோபப்படும்போதெல்லாம் என் பிப்ரவரிக் கடிதம் குறுக்கே வந்துவிடுகிறது. யார் உட்காரப் போகிறார்கள் என்று நீ நேராகத்தான் கேட்டாய். முடிவாகவில்லை என்று எழுதினேன். அன்று காலையில்தான் அத்தானை இருக்கையில் உட்காரவைத்து அளவெடுத்திருந்தேன். வெளியே ஏதாவது ஒரு தையல்காரனிடம் கொடுத்திருந்தால் உனக்குத் தெரிந்தே இருக்காது. உன் தையலைவிட உறுதியான தையல் கிடைக்காது, அது அவரைக் காப்பாற்றும் என்று உன்னிடமே அளவை அனுப்பினேன். என் புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். சுகம் சுகம் என்று ஆரம்பித்து இருவரும் பொய் சொல்லியே பழகிவிட்டோம். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வா. எதிரே உட்கார்ந்து அழு, என்னைத் திட்டு. நானும் உன்னைத் திட்ட வேண்டியிருக்கிறது.

அக்காவை வரச்சொல்லி எழுதப்போகிறேன் என்று அத்தானிடம் சொன்னேன். அவர் என் கட்டிலுக்குச் சாய்மானம் ஒன்று இழைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. இழைப்புளியை ஓரமாக வைத்துவிட்டு, "காலை ரயில் எத்தனை மணிக்கு வருது?" என்று கேட்டார்.

தம்பி